பன்னிரண்டரைச் சுற்று

மரக்காணத்து உப்பளத்தில் ஒதுங்குவதற்கு ஒரு புதர் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தோசைக்கல் மாதிரி விரித்துப் போட்ட பூமி. ஒரு காக்காய் ஒற்றைக் காலைத் தூக்கினால் கூனிமேட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். ஆம்பிளைகளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை, வரப்பில் திரும்பி நின்றால் ஆயிற்று. பொம்பிளைகள் விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கும்போதே தண்ணீருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவார்கள். பதினொன்றோ பன்னிரண்டோ, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் சொம்பைத் தொடுவது. நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் எச்சில் ஊறும். அந்தக் காலை முழுவதற்கும் அதுதான் பானம்.

இந்த வித்தையில் அமராவதியை அடிக்க ஆளில்லை. சித்திரை வெயிலில், உப்பின் வெளுப்பு கண்ணுக்குள் ஊசியாக இறங்குகிற நேரத்தில், நூற்றிருபது கூடை சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு, உதட்டை நனைக்காமல் வீடு திரும்புவாள். அவளிடம் பாடம் கேட்க ராஜஸ்தானத்து ஒட்டகம் ஒன்று வெற்றிலை பாக்கோடு புறப்பட்டு வந்ததாகவும், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தாகம் பொறுக்காமல் திரும்பிவிட்டதாகவும் அளத்தில் ஒரு பேச்சு உண்டு. அமராவதி அதைக் கேட்டு மறுத்ததில்லை. வேறு எதற்கு அவளை யார் பாராட்டினார்கள்?

அவள் புருஷன் கலியன் அதே அளத்தில் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே மகள், அருள்மொழி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவளும் கூடை தூக்க வருவாள். உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரும் சாவகாசமாக நடக்க முடியாது. உப்புநீர் கூடை வழியே ஒழுகிக் கண்ணில் இறங்கும் என்பதால், ஒரு சாணுக்கு மேல் அகலமில்லாத வரப்பில் பொம்பிளைகள் வரிசையாக ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். அந்த வரிசையில் அருள்மொழியை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. முன்னால் விட்டால் கண்ணில் படமாட்டாள். பின்னால் விட்டால் முன்னே போகிறவளின் குதிகாலில் ஏறிவிடுவாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள், இந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு வரப்பு போட்டுக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் முறையிட்டதாகக் கேள்வி.

பங்குக் கோயில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் லீமா அவளைக் கண்டுபிடித்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில். டீச்சர் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அருள்மொழி, புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் பக்கத்திலேயே ஓடி வந்தாள். ஒரு மைல் ஆயிற்று, இரண்டு மைல் ஆயிற்று. மொபெட் வெட்கப்பட்டு நின்றுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். பெட்ரோல் தீர்ந்துபோயிற்று என்பது லீமாவின் கட்சி. எப்படியோ, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அருள்மொழி முதல் பீரியடு முடித்துவிட்டு இரண்டாவது பீரியடில் உட்கார்ந்திருந்தாள்.

அது முதல் காலையும் மாலையும் பயிற்சி. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அருள்மொழி பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஆடியில் திண்டிவனத்தில் மூவாயிரம் மீட்டர் போட்டி. காலையிலேயே லீமா அவளை ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க வைத்தாள். மைதானத்துக் கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருந்தவர் எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதில் ஓரமாகப் போனால் அங்கே பையன்கள் சுவரேறி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெண் அழுதுகொண்டே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடி, மூன்றாவதாகத்தான் வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அமராவதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இது அவளுடைய பாடம். இதில் அவளுக்கு மிஞ்சி வாத்தியார் உண்டா? ஓடுகிற நாளில் காலையில் எழுந்ததிலிருந்து வாயில் தண்ணீர் படக்கூடாது என்றாள். வயிறு காய்ந்து கிடந்தால்தான் கால் லேசாக இருக்கும் என்றாள். நான் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தானே ஓடுகிறேன் என்றாள். மகள் கையில் ஒரு புளியங்கொட்டையையும் கொடுத்தாள்.

அடுத்த போட்டி விழுப்புரத்தில். அருள்மொழி முதலாவதாக வந்தாள். அதற்கடுத்தது மாநிலப் போட்டி. அங்கேயும் முதல் இடம். இரண்டாவதாக வந்த பெண் எல்லைக் கோட்டுக்கு வந்தபோது அருள்மொழி சட்டை மாற்றித் தலை பின்னிக்கொண்டிருந்தாள் என்று கலியன் டீக்கடையில் சொன்னான். நூறு மீட்டர் வித்தியாசம் என்று பேப்பரில் வந்ததை அவன் பேப்பர்காரனின் பொறாமையில் சேர்த்துவிட்டான். அமராவதிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. தண்ணீர் குடித்தபோது மூன்றாவது, குடிக்காதபோது முதலாவது. இதற்கு மேல் என்ன சாட்சி?

லீமாவுக்கு இது தெரியாது. அவள் பாட்டிலை நீட்டுவாள், அருள்மொழி தலையாட்டி வாங்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றிவிடுவாள்.

மாநிலப் போட்டி முடிந்த இரண்டாவது வாரத்தில் கடல் எழுந்து வந்தது. குப்பத்துப் பக்கம் செத்தவர்கள் செத்தார்கள். அளம் முழுவதும் சேறு. பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி உப்பு எடுக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அந்த மாசங்களில் வீட்டில் நிவாரண அரிசிக் கஞ்சியும் காராமணிக் குழம்பும்தான். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு அருள்மொழி சேற்றில் ஓடினாள். ஜூன் மாசம் புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் சோறு சும்மா. ஓடுகிற வரைக்கும் படிப்பு. அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் அதுதான், அதுவும் செருப்பு போட்டால் கூசுகிற கால். கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று. அதைப் பதினெட்டு நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடினாள். சனி ஞாயிறுகளில் லீமா மொபெட்டில் போய் அவளை ஓட வைத்துவிட்டு வருவாள். இந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயித்தால் அகில இந்தியா, அகில இந்தியாவில் தேறினால் ரயில்வே வேலை என்று கலியன் மகளை ஏற்கெனவே ஒரு ரயிலில் ஏற்றி உட்கார வைத்திருந்தான்.

அந்தப் போட்டி டிசம்பரில் நடந்திருக்க வேண்டும். அந்த வருஷ மழையில் மைதானம் ஏரியாகிவிட்டதால் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். மகள் ஓடி அமராவதி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கத்தரிப்பூ கலர்ச் சேலை கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் புதுச்சேரி வந்து இறங்கினாள்.

ஏழு மணிக்கு ஓட்டம் என்றார்கள். கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஓடுகிற பெண்கள் பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், மேலே நிழல் இல்லை. பெரிய மனிதர்களுக்குத்தான் ஷாமியானா. லீமா மூன்று தடவை பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று தடவையும் அருள்மொழி எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்ததை அமராவதி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மற்ற பெண்கள் மடக் மடக்கென்று குடிக்க, தன் மகள் மட்டும் ஈரமில்லாத உதட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. மெடல் அங்கேயே கிடைத்துவிட்ட மாதிரி.

பதினொன்றரைக்குப் பெரிய மனிதரின் கார் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அருள்மொழி கயிற்றுப் பக்கம் வந்தாள். உதட்டோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“யம்மா. ஒரு வாய் குடிச்சுக்கட்டுமா?”

அமராவதி மகளைப் பார்த்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் கழிப்பறை இருந்தது, பூட்டும் இல்லை. அது அவள் கண்ணில் படவில்லை. அவள் கண்ணில் பட்டது சுற்றிலும் நின்ற ஆயிரம் ஆம்பிளைகள்தான்.

“இம்மா நேரம் தாங்கிட்ட. ஓடி முடிச்சிட்டுக் குடிம்மா.”

அருள்மொழி சரி என்று போனாள்.

ஓடினாள். எப்படி ஓடினாள் என்று கேட்டால், அன்றைக்குப் புதுச்சேரியில் காற்றே வீசவில்லை, அவள் பின்னால் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அமராவதி கூடை எண்ணுவது போல விரல் கணுவில் சுற்றுகளை எண்ணினாள். நாலாவது சுற்றில் மகள் முன்னால் வந்தாள். ஏழாவதில் அவளுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. ஒன்பதாவதில் லீமா எழுந்து நின்று கத்த ஆரம்பித்தாள், பத்தாவதில் கத்துவதை நிறுத்திவிட்டாள். பெண்ணுக்கு வேர்வையே இல்லை. பதினொன்றாவதில் கால் ஒரு பக்கமாக இழுத்தது. பன்னிரண்டு. அமராவதியின் கட்டைவிரல் கடைசிக் கணுவில் நின்றது. இன்னும் அரைச் சுற்று. அருள்மொழி கோட்டை விட்டு விலகிப் புல் பக்கமாக ஓடினாள், பாத்தி வரப்பு வளைகிற இடத்தில் திரும்புகிற மாதிரி திரும்பினாள், முகம் குப்புற விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு நாள் கண் திறக்கவில்லை. சதை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நாற்பத்திரண்டு நாள். கண் திறந்த பிறகு ஒரு நாள் சின்ன வயது டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடும்படி உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அமராவதி கால்மாட்டில் நின்றிருந்தாள். அருள்மொழி அம்மா பக்கம் பார்க்கவேயில்லை.

“மறந்துட்டேன் டாக்டர்” என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்பினார்கள். பாதிச் சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. ஓட்டம் இனிமேல் கிடையாது, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடக் கூடாது. உப்பு கூடாது, பழம் கூடாது, இளநீர் கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது, உள்ளே தங்கிவிடும். அமராவதி ஒரு பழைய கால் லிட்டர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று அளந்து ஊற்றினாள். இடையில் அருள்மொழி கேட்க மாட்டாள். கேட்காமல் பாட்டிலைப் பார்ப்பாள். உடனே அமராவதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள், அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஜூன் மாசம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டு இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் ஃபீஸ் கட்டிப் படிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கலியன் அதுவரை வாயடைத்துக் கிடந்தவன், அந்தக் கடிதத்தோடு கிளம்பினான். யாராவது பதில் சொல்ல வேண்டும் அவனுக்கு. பெரிய மனிதர் எட்டாத உயரம். கல்லூரிக்காரர்கள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. கைக்கு எட்டினது லீமா டீச்சர்தான். பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வெயிலில் ஓடவிட்டுச் சாகடிக்கப் பார்த்தாள் என்று டீக்கடையில் ஆரம்பித்தான். பத்து நாளில் அந்தக் கதைக்குக் கால் முளைத்து, டீச்சர் பாட்டிலைப் பிடுங்கி எறிந்தாள் என்று அளம் முழுக்கச் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் வேலை போய்விடும் என்று ஊருக்கே தெரிந்தது.

அமராவதி அதையெல்லாம் கேட்டாள். சும்மாட்டுக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு, கூடை மேல் கூடையாக, கேட்டுக்கொண்டேயிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த இடத்திலெல்லாம் அவளுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் அவள் மறந்துவிட்டேன் என்று சொன்னது, தெரிந்து சொன்னதா? அந்த ஒரு வாய்த் தண்ணீர் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் எப்படித் தன் கையால் அளந்து ஊற்றுகிறதை வாங்கிக் குடிக்கிறாள்?

மனுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லீமா வீட்டுக்கு வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வாங்கிவரக்கூடிய பொருள் என்று கடைத்தெருவில் ஒன்றும் இல்லை. கலியன் எழுதி வாங்கின மனுவை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பெற்ற தாயின் கைநாட்டும் இருந்தால் கனம் என்று யாரோ சொல்லியிருந்ததால் மைப்பெட்டியும் பக்கத்தில் இருந்தது. அஞ்சம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அருள்மொழி.

“டீச்சரம்மா, உங்கமேல எனக்கு ஒண்ணும் பகை கெடையாது” என்றான் கலியன். “ஆனா எம்பொண்ணு கெடக்குது பாருங்க. இதுக்கு ஒருத்தரு பதில் சொல்லணுமா இல்லியா?”

லீமா, பதில் சொல்லவேண்டியவள் தான்தான் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அது அமராவதியால் பார்க்க முடியாத காட்சியாக இருந்தது.

“நான் சொல்றேன்” என்றாள்.

“நீ இன்னா சொல்லப்போற? வெரல வை.”

“டீச்சரு தண்ணி குடுத்தாங்கயா. மூணு வாட்டி குடுத்தாங்க. குடிக்காதன்னு சொன்னவ நான். ரெண்டு வருசமா சொல்லிக்கினு வந்தவ நான். அன்னிக்கி ஓடறதுக்கு முன்ன வந்து எங்கிட்ட கேட்டுச்சு, ஒரு வாய் குடிச்சுக்கட்டுமான்னு. முடிச்சிட்டுக் குடின்னேன்.”

முறம் நின்றது. முதலில் பேசினவள் அஞ்சம்மாள்.

“நீ ஒருத்தி. தண்ணி குடிக்காததுக்கா கிட்னி போவும்? அப்பிடின்னா அளத்துல ஒரு பொம்பள உசுரோட இருப்பாளா? நானு இருப்பனா?”

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவசரமாக மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கலியனின் முகம் அமராவதி பக்கம் திரும்பியது. இருபது வருஷத்தில் அவள் அப்படி ஒரு முகத்தை அவனிடம் பார்த்ததில்லை. அவன் எழுந்திருக்கக் கையை ஊன்றினான். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“யப்பா, அது சும்மா சொல்லுது. டீச்சர் மேல பாவப்பட்டு சொல்லுது. டீச்சர் குடுத்தத நான் குடிச்சேன்.”

“குடிச்சியா?”

“மூணு வாட்டியும் குடிச்சேன். யம்மாகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. கயித்தாண்ட போவவே இல்ல. வெயிலுப்பா. மனு குடுக்கணும்னா வெயில் மேல குடு.”

கலியன் மகளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். மகள் பொய் சொல்லி அவன் கண்டதில்லை. மனுவை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், அதற்கு மேல் மடிய மாட்டேன் என்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான். லீமா அமராவதியின் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். பந்தலுக்குப் பின்னால் மண் ஈரமாகக் கிடந்ததை ஓட்டம் நடந்த அன்றைக்கே பார்த்தவள் அவள். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அஞ்சம்மாளும் முறத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அமராவதி உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான்கு மாசமாக நெஞ்சில் சுமந்ததை இறக்கி வைக்க இடம் பார்த்தால், மகள் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வெளியே வரப்புகளுக்கு அந்தப் பக்கம் உப்பு, சுட்ட சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“யம்மா.”

“இன்னாம்மா.”

“பத்து சுத்து வரைக்குந்தான் எனக்கு ஞாபகம் கீது. நான் முடிச்சேனா?”

இந்த நான்கு மாசத்தில் ஓட்டத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்டதில்லை.

“முடிச்சியே” என்றாள் அமராவதி. “பன்னண்டரையும் ஓடிட்டு, கோட்டத் தாண்டித்தான விழுந்த. நான் பாத்துக்கினு இருந்தேனே.”

“டைம் சொன்னாங்களா?”

அமராவதிக்குக் கடியாரத்து எண்கள் பழக்கமில்லை. எண் எவ்வளவுக்குக் குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் எண் குறைந்ததற்காகத்தான் மகள் வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வருவாள். கொடுப்பது என்று ஆனபிறகு பெற்றவள் கஞ்சத்தனம் பார்ப்பாளா?

“ஒம்பது நிமிசம்னாங்க.”

அருள்மொழி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய பதினெட்டில் பாதி. பூமியில் பிறந்த எந்தப் பெண்ணும், எந்த ஆணும், நாலு கால் இருந்தாலொழிய ஓட முடியாத ஒன்பது நிமிஷம்.

“ஒம்பதா.”

“ஆமா. கடியாரம் புடிச்சிருந்தவரே வந்து சொன்னாரு.”

“ஒம்பதுன்னா, உலகத்துலயே நாந்தாம்மா ஃபர்ஸ்ட்டு.”

“பின்ன” என்றாள் அமராவதி.